எழுத்து வெட்டுன பழைய கைத்தடி சேர்க்கப் போறீங்களா? வெள்ளியப் பாக்காதீங்க, எழுத்தப் பாருங்க

நாகர்கோவில், தக்கலை, குழித்துறை பக்கம் பழைய ஓட்டு வீடு ஒண்ண இடிக்கிறாங்கன்னா தூணு, கதவு, நிலை எல்லாத்துக்கும் மொதல்லயே ஆள் வந்து வெல பேசிருவாங்க, ஆனா மச்சுல சாத்தி வச்சிருக்க கைத்தடிய யாரும் கேக்க மாட்டாங்க. கைப்பிடியில வெள்ளி இருந்தா அத மட்டும் உருவி எடைக்குப் போட்டுட்டு மரத்த விறகோட சேத்துருவாங்க. அந்த வெள்ளியில ஒரு பேரு, ஒரு வருஷம், ஒரு சபையோட பேரு வெட்டியிருந்திருக்கும், அது உருகிப் போச்சுன்னா அந்த வீட்டுக்காரர் எந்தக் கூட்டத்துல எதுக்காக அந்தத் தடிய வாங்குனாருன்னு சொல்ல வேற எதுவும் மிஞ்சாது. அதனாலதான் இத எழுதுறேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இத சேர்க்க நாலு பேரு கூடுதலா வந்தா கொஞ்சமாவது தப்பும்.

நம்ம ஊரு இதுக்கு ரொம்ப தோதான ஊரு. 1949 வரைக்கும் நாம திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர் கொச்சி, 1956 நவம்பர் 1லதான் மதராஸ் மாநிலத்தோட சேந்தது. 1888லயே சட்டசபை வச்ச சமஸ்தானம், 1904ல ஸ்ரீமூலம் பிரஜா சபை, அதுல வருஷா வருஷம் ஊர்ல இருந்து ஆள் போயி மகாராஜா சர்க்காருகிட்ட குறை சொல்லுவாங்க. இந்தப் பக்கம் லண்டன் மிஷன் ஆளுங்க, எஸ்டேட் தொரைமாரு, நாயர் பிரிகேடு பட்டாளம், அந்தப் பக்கம் சுசீந்திரம் சத்தியாகிரகம், 1945ல தொடங்குன தமிழர் காங்கிரஸ், அதோட தலைவர் நேசமணி, தமிழ்நாட்டோட சேரணும்னு போராடுனவங்க மேல 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் நடந்த துப்பாக்கிச் சூடு. இவ்வளவு அரசியல் ஒரு சின்ன நாலு தாலுகாவுக்குள்ள நடந்திருக்கு, அந்தக் காலத்துல கொஞ்சம் அந்தஸ்து உள்ள ஆம்பளைங்க கையில தடி இல்லாம வெளிய எறங்குறது கம்மி. அப்ப எத்தன தடி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

வெளிநாட்டுல இத பெரிய அளவுல சேக்குறாங்க, அங்க எப்படிப் பிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சா நமக்கும் உதவும். ஒண்ணு பரிசாக் கொடுத்த தடி. 1856ல அமெரிக்க செனட் சபைக்குள்ளயே அடிமை முறைய எதிர்த்துப் பேசுன சார்லஸ் சம்னர பிரெஸ்டன் புரூக்ஸ்ங்கிற தெக்கத்தி மெம்பர் தங்கப் பூண் போட்ட தடியால தடி ஒடையிற வரைக்கும் அடிச்சாரு, அவரோட ஆளுங்க அவருக்குப் புதுத் தடி வாங்கி அனுப்புனாங்க, சிலதுல "இன்னும் அடி"ங்கிற அர்த்தத்துல எழுத்து வெட்டியே அனுப்புனாங்க. ஒரு தடியில வெட்டுன சில வார்த்தை அந்த நாட்டோட உள்நாட்டுப் போருக்கு முந்துன வெறிய அப்படியே காட்டுது பாருங்க. ரெண்டாவது தேர்தல் தடி, 1840ல ஹாரிசனுக்கு ஓட்டுக் கேக்கறப்ப ஆப்பிள் கள்ளு பீப்பா மாதிரி கைப்பிடி வச்சது, 1896ல மெக்கின்லி தலைய உலோகத்துல வார்த்து மாட்டுனது, இதெல்லாம் மொத்தமா செஞ்சது, அதனால இப்பவும் கெடைக்குது. மூணாவது ஒளிச்சு வைக்கிற தடி, 1815க்கு அப்புறம் பிரான்ஸ்ல நெப்போலியன் பேரச் சொல்லவே பயந்த காலத்துல கைப்பிடிய வெளக்கு முன்னாடி புடிச்சா சுவத்துல அவரு மொகம் நிழலா விழுற மாதிரி கடைஞ்சிருக்காங்க. நம்ம பக்கம் கெடைக்கிறது பெரும்பாலும் மொத வகைதான், பரிசு, பிரிவுபசாரம், அறுபதாம் கல்யாணம், சபை மெம்பர் ஆனதுக்கு ஊரு கூடிப் போட்டது. தேர்தலுக்குத் தடி அடிச்சுக் கொடுக்குற பழக்கம் இங்க இல்ல, அதனால யாராவது "பழைய எலக்‌ஷன் தடி"ன்னு கொண்டு வந்தா அப்பவே கொஞ்சம் உஷாராயிருங்க.

தேடுறது எங்கன்னா, மொதல்ல சொந்தக்காரங்க வீடு. கடைக்குப் போறத விட இதுதான் நல்லது, ஏன்னா கடைக்கு வந்துட்டா கதை கூட வராது. வயசானவங்க இருக்க வீட்டுல போயி நேரா "விக்கிறீங்களா"ன்னு கேக்காதீங்க, ஒக்காந்து பேசுங்க. "ஆச்சி, இது யாருக்க கம்பு?"ன்னு கேட்டா "எங்க பாட்டாவுக்க கம்புல்லா மக்கா, அவரு அஞ்சல் ஆபீசுல பெரிய உத்யோகத்துல இருந்தாரு, பிரியறப்ப எல்லாரும் சேந்து போட்டது"ன்னு ஆரம்பிப்பாங்க, அந்த ஒரு வரியில உங்களுக்கு வேண்டிய முக்கால்வாசி இருக்கு. அஞ்சல்னா திருவிதாங்கூரோட சொந்த தபால், அது 1951ல இந்திய தபால்ல சேந்துது, அப்ப அந்தத் தடி பெரும்பாலும் அதுக்கு முந்துனதா இருக்கும். பேசறப்ப போன்ல ரெக்கார்டு பண்ணிக்கலாமான்னு கேட்டு பண்ணுங்க, அனுமதி இல்லாம வேண்டாம். அவங்களுக்கு விக்க மனசு இல்லேன்னா போட்டோ மட்டும் எடுத்துட்டு, எண்ணெய் போடாதீங்க வெள்ளிய உருக்காதீங்கன்னு சொல்லிட்டு வாங்க, தடி அந்த வீட்டுலயே இருக்குறது நம்ம கைக்கு வர்றத விட நல்லதுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

அடுத்தது பழைய மரக்கடை, பழைய இரும்புக் கடை, அப்புறம் வெள்ளிப் பாத்திரம் பழசு எடுக்குற கடைங்க. வடசேரியில கோயில் நகை செய்யுற ஆசாரிமாரு இருக்காங்க, உலகமெல்லாம் டான்ஸ் ஆடுறவங்க போடுற கல்லு நகை அங்க இருந்துதான் போகுது, அவங்ககிட்ட பழகி வச்சுக்கோங்க, பழைய கைப்பிடி எடைக்கு வந்தா ஒரு போன் போடச் சொல்லுங்க. ஒரு ஆசாரி கண்ணுக்குத் தெரியிறது நம்ம கண்ணுக்கு வருஷக்கணக்கா பாத்தாலும் தெரியாது, வெட்டுன உளி எது, இது கையா மிஷினான்னு பாத்த ஒடனே சொல்லுவாரு. வெளிய போறதா இருந்தா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரி. அங்க வெல கூட இருக்கும், ஆனா எந்த வீட்டுலருந்து வந்துச்சுன்னு கடைக்காரருக்கே தெரியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், எழுத்து. ஒரு பத்து மடங்கு லூப் வாங்கிக்கோங்க, நகைக்கடைக்காரங்க கண்ணுல வைக்கிறது, அதோட போன் டார்ச். வெளிச்சத்த நேரா அடிக்காதீங்க, தடிய மேஜையில படுக்க வச்சு பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு அடிங்க, தேஞ்சு போன எழுத்து கூட நிழல் விழுந்து எந்திரிச்சு வரும். கையால வெட்டுன எழுத்துல கோடு ஒரு எடத்துல ஆழமா ஒரு எடத்துல மெலிசா போகும், வளையுற எடத்துல உளி தயங்குன அடையாளம் இருக்கும், பள்ளம் ஆங்கில வீ மாதிரி கூரா எறங்கும். லேசர்ல போட்டதுல அடி தட்டையா ஒரே ஆழமா இருக்கும், எழுத்து எல்லாம் அச்சுல வார்த்தது கணக்கா ஒண்ணு போல இருக்கும்.

அப்புறம் கீறல் பாருங்க, இத நல்லா கவனிங்க. பழைய வெள்ளியில நூத்துக்கணக்குல நுணுக்கமா கீறல் இருக்கும். எழுத்து உண்மையிலயே பழசா இருந்தா அந்தக் கீறல்ல சிலது எழுத்தோட ஓரத்த உரசி குறுக்க தாண்டிப் போகும், ஏன்னா எழுத்து வெட்டுனதுக்கு அப்புறம் விழுந்தது அது. எழுத்து எல்லாக் கீறலையும் வெட்டிக்கிட்டு போச்சுன்னா, ஓரம் நகத்துல தடவுனா சுருக்குன்னு இருந்துச்சுன்னா, பள்ளத்துக்குள்ள அழுக்கே இல்லாம பளிச்சுன்னு இருந்துச்சுன்னா, தடி பழசா இருக்கலாம் எழுத்து புதுசு. வெறும் பழைய தடிய வாங்கி ஒரு தலைவர் பேர வெட்டி விக்கிறதுதான் இந்தத் தொழில்ல அதிகமா நடக்குற ஏமாத்து. தேய்மானமும் ஒத்துப் போகணும், உள்ளங்கை படுற பக்கம் எழுத்து மங்கியிருக்கணும், கை படாத பக்கம் கூர்மையா இருக்கணும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கியிருந்தா யாரோ உப்புத்தாள் போட்டிருக்காங்க.

தேதி படிக்கிறது நம்ம ஊருக்குன்னே தனிக் கலை. திருவிதாங்கூர் தடியில கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள வருஷம், பெரும்பாலும் இருக்கும், இங்கிலீசுல எம்.இ. ன்னு போட்டு நாலு இலக்க நம்பர். ஆவணி பொறக்குறப்ப வருஷம் மாறும், அதனால ஆவணியில இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி வரைக்கும் 825. 1107ன்னா 1931 ஆகஸ்ட்லருந்து 1932 ஆகஸ்ட் வரை, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பு எடுத்த வருஷம். 1112 துலாம் (ஐப்பசி) 27ன்னு இருந்தா அது 1936 நவம்பர் 12, கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த நாளு, அந்தத் தேதி வெட்டுன எந்தப் பொருளையும் கையில எடுக்கறப்பவே எனக்கு ஒரு மரியாதை வரும், ஆனா அதனாலயே ரெண்டு மடங்கு சோதிக்கணும், ஏன்னா போலி செய்யுறவனுக்கும் அந்தத் தேதி தெரியும்.

சங்கு நடுவுல, ரெண்டு பக்கமும் யானைன்னா திருவிதாங்கூர் சர்க்கார் முத்திரை. மகாராஜா பேரோட முதலெழுத்து கோத்து ஆர்.வி. ன்னோ பி.ஆர்.வி. ன்னோ இருந்தா பயப்படாம ஒரு வேல செய்யுங்க, பழைய திருவிதாங்கூர் காசு ஒண்ணு வாங்கி பக்கத்துல வச்சுப் பாருங்க, சக்கரம் காசு இப்பவும் மலிவாத்தான் கெடைக்கும். ஆர்.வி. ராம வர்மா, மூலம் திருநாள் காலத்து காசுல இருக்கும், பி.ஆர்.வி. பால ராம வர்மா, சித்திரைத் திருநாள். அந்த எழுத்து பின்னிக்கிற விதம் காசுல எப்படியோ தடியிலயும் அப்படி இருக்கும், 1910ன்னு தேதி போட்டுட்டு பி.ஆர்.வி. இருந்தா கதை முடிஞ்சுது. ரெண்டடி போல நீளத்துல, வெள்ளிக் குமிழ் போட்டு பட்டாளச் சின்னம் இருக்க குட்டிப் பிரம்பு வந்தா அது ஊன்றி நடக்க உள்ளது இல்ல, பட்டாள, போலீஸ் ஆபீசருங்க கக்கத்துல இடுக்குறது, அதையும் விட்டுராதீங்க.

தமிழ்ல வெட்டியிருந்தா எழுத்து வடிவமே சாட்சி சொல்லும். 1978ல எம்.ஜி.ஆர். ஆட்சியில எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை நாலும் முன்னால யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சு வரும், ணா, றா, னா மூணும் கால் போடாம கூடவே சுழிஞ்சு ஒட்டியிருக்கும். 1938ன்னு தேதி போட்டு, "தலைவர்"ல இப்ப நாம எழுதுற லை இருந்துச்சுன்னா சந்தேகப்படுங்க. ஆனா இதுலயும் ஒரு விதிவிலக்கு, பெரியார் 1935லயே குடிஅரசுல புது எழுத்த அச்சடிக்க ஆரம்பிச்சிட்டாரு, அதனால சுயமரியாதைக்காரங்க வீட்டுத் தடியில பழைய தேதியும் புது லையும் சேந்து வரலாம், அத போலின்னு தூக்கிப் போட்டுராதீங்க, வீட்டு வரலாறையும் விசாரிங்க. பேருலயும் மாட்டுவாங்க, "கன்னியாகுமரி மாவட்டம் 1954"ன்னு ஒரு தடி இருக்க வழியே இல்ல, அப்ப அந்த மாவட்டமே கெடையாது. "தமிழ்நாடு அரசு"ன்னா 1969க்கு அப்புறம்தான். அதுக்காக தமிழ்நாடுங்கிற சொல்லப் பாத்த ஒடனே 1969ன்னு முடிவு கட்டாதீங்க, நேசமணி கட்சி பேரே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், அது நாப்பதுகள்லயே உண்டு.

மரத்தப் பத்தி சுருக்கமா. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நாலும் திருவிதாங்கூர்ல ராஜ மரம், நம்ம பறம்புல நின்னாலும் சர்க்காருக்குத்தான் சொந்தம், அதனால ஈட்டித் தடி, கருங்காலித் தடி பெரும்பாலும் உத்யோகஸ்தர் வீடு, பணக்காரர் வீடு. பனை வைரத்துல செஞ்சது கருப்பும் மஞ்சளும் கோடு கோடா ஓடும், அது நம்ம மண்ணோட தடி, வெல கம்மின்னு ஒதுக்காதீங்க. மலாக்கா பிரம்பு பழுப்பு நெறத்துல வழவழன்னு கணு இல்லாம நீளமா இருக்கும், அது கப்பல்ல வந்தது. அடியில உள்ள பூணையும் பாருங்க, உண்மையா ஊன்றி நடந்த தடின்னா ஒரு பக்கம் சாய்வா தேஞ்சிருக்கும். தடி ரொம்பக் குட்டையா இருந்தா பின்னாடி வந்தவங்க ஒசரத்துக்கு ஏத்த மாதிரி அறுத்திருப்பாங்க, அது கொறைதான், ஆனா எழுத்து இருக்கறது மேல உள்ள பட்டையில, அதனால நான் அத பெருசா எடுக்க மாட்டேன். வெள்ளியில குட்டிச் சிங்கம் நடக்குற முத்திரை இருந்தா இங்கிலாந்து வெள்ளி, கூட நங்கூரம் இருந்தா பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தா லண்டன், ராஜா ராணி தலையும் சேந்து இருந்தா பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் நடுவுல. மதராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ் முத்திரையும் பாக்கலாம். நம்ம ஊரு ஆசாரி செஞ்சதுல பெரும்பாலும் முத்திரையே இருக்காது, அது கொறை இல்ல.

எடையில ஏமாறாதீங்க, குமிழ் கனமா இருக்கேன்னு வெள்ளி வெலை போட்டா நஷ்டம், உள்ள பூரா அரக்கு, மேல தகடு மெலிசுதான். இதனாலயே வாங்குன தடிய கார்ல வெயில்ல போட்டு வைக்காதீங்க, அரக்கு எளகி குமிழ் ஆட ஆரம்பிச்சிரும். இன்னொண்ணு, மூணு துண்டா கழட்டி மாட்டுறது, பித்தளைக் கைப்பிடிக்குள்ள டெலஸ்கோப், காம்பஸ் வச்சது, "விக்டோரியா ராணி 1876"ன்னு போட்டது, இதெல்லாம் வடக்க மொராதாபாத் பக்கம் இப்பவும் செய்யுற அலங்காரச் சாமான், சும்மா வீட்டுல வைக்க ஆசைன்னா வாங்குங்க.

பெரிய தலைவர் பேரச் சொல்லி வர்ற தடி தனி ரகம். "இது பெரியார் கையில இருந்தது", "காந்தி கன்னியாகுமரி வந்தப்ப விட்டுட்டுப் போனது". காந்தி 1925லயும் 1937லயும் வந்தது உண்மை, அந்த உண்மைய வச்சுத்தான் கதை கட்டுவாங்க. போட்டோ, கடிதம், அந்தக் காலத்து பத்திரிகைச் செய்தி, ஏதாவது ஒண்ணு காகிதத்துல இருக்கணும், இல்லேன்னா அத சாதாரணத் தடி வெலைக்கு மேல ஒரு ரூபா கொடுக்காதீங்க. தடியில இருக்க பேரு உள்ளூர்க்காரர்னா சோதிக்கறது சுலபம், பிரஜா சபை நடவடிக்கைக் குறிப்பு அச்சுல இருக்கு, திருவனந்தபுரம் ஆர்க்கைவ்ஸ்ல திருவிதாங்கூர் கெசட் இருக்கு, மெம்பர் பேரு உத்யோகம் மாறுதல் எல்லாம் அதுல வரும். 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி திருவாவடுதுறை ஆதீனம் நேரு கையில கொடுத்த செங்கோல் அலகாபாத் மியூசியத்துல நேருவுக்கு வந்த தங்கத் தடின்னு பதிவாயி வருஷக்கணக்கா கெடந்துச்சு. அவ்வளவு பெரிய பொருளுக்கே சீட்டு சரியில்லேன்னா இந்தக் கதின்னா நம்ம தாத்தாமாரு தடிக்கு யாரு எழுதி வைப்பா.

அதனால வாங்குன அன்னைக்கே ஒரு கைச்சீட்டு எழுதுங்க: யாரு வீடு, எந்த ஊரு, யாரு உபயோகிச்சது, அவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு வீட்டுக்காரங்க சொன்ன வார்த்தையிலயே எழுதி, தேதி போட்டு அவங்க கையெழுத்து வாங்குங்க. எழுத்து இருக்க எடத்த நாலு பக்கத்துலருந்தும் போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு அதோட வையுங்க. வீட்டுக்காரங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க, அது என்ன, எவ்வளவு முக்கியம்னு மறைக்காம சொல்லிட்டு வெல பேசுங்க, தெரியாத மாதிரி நடிச்சு ஆச்சிகிட்ட எடை வெலைக்கு வாங்குறது திருட்டுத்தான்.

வாங்கக் கூடாதது சிலது இருக்கு. 1909ல அமெரிக்காவுல பாஸ்டன் போஸ்ட் பத்திரிகை எழுநூறு ஊருக்கு ஆளுக்கொரு தங்கப் பூண் தடி அனுப்புச்சு, ஊர்லயே மூத்த ஆள் வச்சிருக்கணும், அவருக்கப்புறம் அடுத்தவருக்குன்னு, தடியிலயே ஊரு பேரு வெட்டியிருக்கும், அப்படியும் பல தடி தொலைஞ்சு கடைக்கு வந்துச்சு. அது மாதிரி கோயில், தேவஸ்வம், சர்ச், சமுதாயம்னு பேரு வெட்டியிருந்தா அது தனி ஆளு விக்க முடியாத சொத்து, வெல என்ன கம்மியா இருந்தாலும் தொடாதீங்க, உரிய எடத்துல சொல்லுங்க. யானைத் தந்தக் கைப்பிடி, கலைமான், கடமான் கொம்பு, ஆமை ஓடு இதெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல வரும், பழசுன்னாலும் வாங்கவோ விக்கவோ கூடாது. எருமைக் கொம்பு பரவாயில்ல. கைப்பிடிய முறுக்குனா உள்ள கத்தி உருவி வருதுன்னா அது ஆயுதச் சட்டத்துக்குள்ள வரலாம். நூறு வருஷம் தாண்டுன பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், வீட்டுல வச்சிருக்கலாம், ஆனா வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, கல்ஃப்ல இருக்க அண்ணனுக்குக் கூட குடுத்து விடாதீங்க, வியாபாரமா செய்யணும்னா லைசென்ஸ் வேணும்.

பராமரிப்புல நம்ம ஆளுங்க ரெண்டு தப்பு பண்ணுவாங்க. ஒண்ணு தேங்கா எண்ணெய். போட்ட அன்னைக்கு மரம் மின்னும், ஆறு மாசத்துல சிக்கு வாடை அடிச்சு தூசியெல்லாம் ஒட்டி எழுத்துக்குள்ள கருப்பா அடைஞ்சிரும். தேன்மெழுகு கொஞ்சமா துணியில எடுத்து தேச்சா போதும், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவ. இன்னொண்ணு திருநீறு, டூத்பேஸ்ட், புளி போட்டு வெள்ளியையும் பித்தளையையும் பளபளன்னு தேய்க்கிறது, ஒவ்வொரு தேய்ப்புலயும் எழுத்து ஒரு மயிரிழை போகுது, பத்து தீபாவளிக்கு அப்புறம் பேரே இருக்காது. கருத்த வெள்ளி கருப்பாவே இருக்கட்டும், உலர்ந்த பருத்தித் துணியால மெதுவா தொடச்சா போதும். தேஞ்ச எழுத்த ஆசாரிகிட்ட குடுத்து திரும்ப வெட்டுனா அன்னைக்கோட அதுக்கு சாட்சி மதிப்பு போயிரும். நம்ம ஊர்ல இடவப்பாதி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, கடக்கரை ஊருன்னா உப்புக் காத்து வேற, அதனால சுவத்துல சாத்தாம படுக்க வச்சு, பழைய பருத்தித் துணி சுத்தி, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்க. ரப்பர் பேண்ட் போட்டு கட்டாதீங்க, பட்ட எடம் வெள்ளி கருத்துரும். ஓட்டையில இருந்து மாவு மாதிரி கொட்டுனா உளு வேல செய்யுது, அந்தத் தடிய மத்ததுல இருந்து பிரிச்சு கவர் போட்டுக் கட்டி மாவு கொட்டுறது நிக்குதான்னு பாத்துட்டு சேருங்க.

மொத தடியா எத வாங்கலாம்னு கேட்டா, பெரிய பேரு ஒண்ணும் வேண்டாம், ஒரு வாத்தியாரோ தாசில்தாரோ பிரிவுபசாரத்துல வாங்குனது, பேரும் கொல்லம் ஆண்டும் தெளிவா இருக்கறது, வீடும் தெரிஞ்சது, அப்படி ஒண்ணு பாருங்க. அதுல லூப் வச்சு உண்மையான கை வெட்டு எப்படி இருக்கும்னு கண்ணு பழகிரும், அப்புறம் பத்மநாபபுரம் அரண்மனை, திருவனந்தபுரம் மியூசியம் போறப்ப அங்க இருக்க மரத்துலயும் உலோகத்துலயும் உள்ள வேலைப்பாட்ட வேற மாதிரி பாப்பீங்க. அதுக்கப்புறம் பிரஜா சபைத் தடி ஒண்ணு முன்னால வந்தா அது அசலா போலியான்னு யாரையும் கேக்காம நீங்களே சொல்லிருவீங்க.